ஆயாவும் லெவோசெட்ரிசினும்

"உங்க டிபார்ட்மென்ட் பத்தி தமிழ்ல ஏதாவது எழுதிக் குடுங்க"ன்னு இந்த இதழ் டீம் கேட்டப்போ, முதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு வீட்ல பேசுற மொழி, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண மொழி. கெமிக்கல் இன்ஜினியரிங்கை நான் தமிழில் யோசித்ததே கிடையாது. ஆனால் போன தீபாவளி லீவில் எங்க ஆயா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நான் பட்ட பாடு இருக்கே, அதை எழுதலாம் என்று பிறகு தோன்றியது.

எங்க ஊர் ரிஷிவந்தியம். கேள்விப்படாதவங்களுக்கு: கள்ளக்குறிச்சி மாவட்டம், தியாகதுருகம் பக்கம். சுற்றிலும் கரும்பும் நெல்லும். மேற்கே கல்வராயன் மலை.

ஆயாவுக்கு மழைக்காலம் வந்தால் தும்மல். ஒரு தடவை ஆரம்பித்தால் இருபது, முப்பது என்று எண்ணிக்கொண்டே போகலாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்தேன். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனால் நம்பர் நன்றாகத் தெரியும்.

"ஏம் பாப்பா, போன தடவ பத்துன்னு போட்டிருந்துச்சு. இப்ப அஞ்சுன்னு போட்டிருக்கு. காசு ஒண்ணும் கொறயல. பாதி மருந்த குடுத்து ஏமாத்துறானா?"

போன தடவை வாங்கியது செட்ரிசின், 10 மில்லிகிராம். இந்தத் தடவை லெவோசெட்ரிசின், 5 மில்லிகிராம். ஏன் பாதி என்று எனக்குத் தெரியும். மூணாவது செமஸ்டரில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை தமிழில் வரவில்லை. எல்லாம் இங்கிலீஷில் அப்படியே நின்றது.

"அது... வேற மாத்திரை ஆயா. அதே வேலையத்தான் செய்யும். போட்டுக்கோ" என்றேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்றார் ஆயா.

அது கொஞ்சம் சுருக்கென்றது. நாலு வருஷம், ஹாஸ்டல் ஃபீஸ், அப்பா கரும்பு வித்த காசு. எல்லாம் சேர்ந்து ஒரு தும்மல் மாத்திரைக்குக்கூட பதில் சொல்ல முடியவில்லை.

ராத்திரி யோசித்தேன். மறுநாள் காலை, சுவரில் மாட்டியிருந்த அர்த்தநாரீஸ்வரர் காலண்டரைக் கழற்றி எடுத்தேன். எங்க ஊர்க் கோயில் சாமியே அர்த்தநாரீஸ்வரர்தான். லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் நடக்கும்போது அதில் அம்மன் உருவம் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். ஆயா அதைப் பார்க்க எத்தனை தடவை என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று கணக்கே இல்லை.

காலண்டர் படத்தில் வலது பாதி சிவன், இடது பாதி அம்மன். அதைப் பீரோ கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன்.

"ஆயா, கண்ணாடியில பாரு. அம்மன் எந்தப் பக்கம்?"

ஆயா உற்றுப் பார்த்தார். "அட, சோத்தாங்கைப் பக்கம் போயிட்டாங்களே."

"அதே சாமிதானே? அதே கண்ணு, அதே சூலம், எதுவும் குறையல. ஆனா நம்ம கோயில் சாமின்னு ஒத்துக்குவியா?"

"அது எப்படி ஒத்துக்கறது? பக்கம் மாறிப் போச்சே."

"மருந்துக்கும் அப்படித்தான் ஆயா."

இதைத்தான் புத்தகத்தில் 'கைரல்' என்கிறார்கள். ஒரு மூலக்கூறும் அதன் கண்ணாடி பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. இரண்டு கைகளைப் போல. அணுக்கள் அதேதான், எண்ணிக்கை அதேதான், எதோடு எது ஒட்டியிருக்கிறது என்பதும் அதேதான். பக்கம் மட்டும் வேறு. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து, கூட்டத்தில் அவசரமாக இடது செருப்பை வலது காலில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

செட்ரிசின் என்பது இரண்டு கையும் பாதிப் பாதி கலந்த கலவை. உடம்பில் அது போய் உட்கார வேண்டிய இடம் ஹிஸ்டமின் ஏற்பி. அந்த இடத்துக்கும் பக்கம் உண்டு. ஒரு கைதான் அதில் நன்றாக உட்காரும். மற்றது ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆக 10 மில்லிகிராமில் வேலை செய்வது பெரும்பாலும் 5 மட்டும். அந்த 5-ஐத் தனியாக எடுத்துக் கொடுப்பதுதான் லெவோசெட்ரிசின். 'லெவோ' என்றால் இடது. தன் வழியாகப் போகும் ஒளியை இடப்பக்கம் திருப்பும் வகை என்று அர்த்தம்.

ஆயாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. "அப்ப இத்தினி வருசமா பாதி வேண்டாத கெமிக்கல்ல தின்னுகிட்டு இருந்தனா?"

*

இந்த 'கெமிக்கல்' என்ற வார்த்தையைப் பற்றி கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2024 ஜூன் மாதம். நான் இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். டி.வி.யில் வாரக்கணக்கில் எங்க மாவட்டத்தின் பெயர். அதற்குப் பிறகு ஹாஸ்டலில் புதிதாக யாரிடமாவது "கள்ளக்குறிச்சி, கெமிக்கல் டிபார்ட்மென்ட்" என்று சொன்னால், ஒரு நொடி இடைவெளி விழும். சில பேர் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

ஆயா அந்த வாரம் போன் பண்ணி, "அந்தப் படிப்பு வேணாம் பாப்பா, கம்ப்யூட்டருக்கு மாத்திக்க முடியாதா?" என்று கேட்டார். எங்க ஊரில் அன்றிலிருந்து கெமிக்கல் என்றால் விஷம். வேறு அர்த்தம் கிடையாது.

அப்போது நான் தேடிப் படித்த ஒன்று மனதில் நின்றுவிட்டது. மெத்தனால் உடம்புக்குள் போனதும் அதே வடிவத்தில் பெரிய கேடு செய்வதில்லை. நம் ஈரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கண் நரம்பைக் கெடுப்பதும் உயிரை எடுப்பதும் அந்த அமிலம்தான். நொதி என்பது வினையூக்கி. சாதாரண நாளில் நமக்கு நல்லது செய்கிற அதே வினையூக்கி, தப்பான பொருள் வந்தாலும் தன் வேலையைச் செய்துகொண்டே போகிறது. இதற்கு முறிவு மருந்து ஒன்று உண்டு, பெயர் ஃபோமெபிசோல். ஐந்து மூலை உள்ள ஒரு சின்ன வளையம், அதில் இரண்டு மூலை நைட்ரஜன். அது போய் அந்த முதல் நொதியை அடைத்துக்கொண்டு நிறுத்திவிடும். அவ்வளவு சின்ன வளையம் அவ்வளவு பெரிய வேலை செய்கிறதே என்று அன்றைக்கு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைட்ரஜன் வளையம் என்றால் என்னவோ அபூர்வ சரக்கு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிறு மூலக்கூறு மருந்துகளை எண்ணிப் பார்த்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. அதில் 59 சதவீத மருந்துகளில் நைட்ரஜன் உள்ள வளையம் இருக்கிறது. ஆயாவின் தும்மல் மாத்திரையிலும் உண்டு: ஆறு மூலை, அதில் இரண்டு நைட்ரஜன். காரணம் எளிது. நைட்ரஜனிடம் பகிராத ஒரு ஜோடி எலெக்ட்ரான் இருக்கிறது. அதை வைத்து அது புரதங்களைப் பிடித்துக்கொள்ளும், அமிலம் கிடைத்தால் உப்பாகித் தண்ணீரில் கரையும். வளையம் என்பதால் ஆடாமல் ஒரே வடிவத்தில் நிற்கும். பூட்டுக்குள் போகும் சாவி வளைந்து நெளியக் கூடாது இல்லையா, அந்த மாதிரி.

வினையூக்கியை ஆயாவுக்கு எப்படிச் சொல்வது? "ரெண்டு பொருள் தானா சேராது ஆயா. நடுவுல ஒண்ணு வந்து சேத்து வெச்சுட்டு, தான் அதுல கலக்காம வெளிய வந்து அடுத்த ஜோடியப் பாக்கப் போயிடும்."

"கல்யாணத் தரகர்னு சொல்லு" என்றார். பிறகு, "ஆனா தரகர் கமிஷன் வாங்குவாரே?"

"இது வாங்காது."

"அப்ப நல்ல தரகர்தான்."

*

சரி, இடது மட்டும் வேண்டும் என்றால் இடது மட்டும் செய்ய வேண்டியதுதானே, ஏன் கலவையாகச் செய்கிறார்கள்? இது ஆயா கேட்கவில்லை, என் ப்ராஜெக்ட் மேட் ஒருத்தி கேட்டது. சிவில் படிக்கிறவர்களும் கேட்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் நாம் தொடங்கும் பொருள் பெரும்பாலும் தட்டையாக இருக்கும், ஒரு தட்டு மாதிரி. புது அணு மேலேயிருந்து வந்து ஒட்டினால் ஒரு கை, கீழேயிருந்து வந்து ஒட்டினால் மறு கை. மேலே, கீழே இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றால் நாணயம் சுண்டுகிற மாதிரிதான். கோடி கோடி மூலக்கூறுகள் சுண்டினால் சரியாகப் பாதிக்குப் பாதி. உயிருள்ளவை மட்டும் இந்த விளையாட்டை ஆடுவதில்லை. செடி செய்தால் பெரும்பாலும் ஒரே கை.

இந்தக் கை விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் லூயி பாஸ்டர், 1848-ல், தன் 25-ஆவது வயதில். அவர் கையில் இருந்த பொருள் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம்ம புளியின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். பாஸ்டர் உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, இடது மாதிரி படிகத்தையும் வலது மாதிரி படிகத்தையும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். இன்றைக்கும் மருந்து ஆலைகளில் கலவையைப் பிரிக்க டார்டாரிக் அமிலம் பயன்படுகிறது. அதைச் சேர்த்தால் ஒரு கை படிகமாகி அடியில் இறங்கும், மறு கை கரைசலில் தங்கிவிடும்.

அந்த மறு கை என்ன ஆகும்? முடிந்தால் திரும்பக் கலவையாக்கி மறுபடி பிரிப்பார்கள். முடியாவிட்டால் கழிவு. செய்ததில் பாதி கழிவு. மருந்துத் தொழிலில் ஒரு கிலோ பொருளுக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேல்கூட கழிவு வருகிறது என்று 1992-ல் ரோஜர் ஷெல்டன் கணக்குக் காட்டினார். கடலூர் சிப்காட் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. நாற்றம் பற்றியும் கிணற்றுத் தண்ணீர் பற்றியும் அங்கே மக்கள் பல வருஷமாகப் புகார் சொல்கிறார்கள். 'பாதி வேண்டாத கெமிக்கல்' என்று ஆயா கோபத்தில் சொன்னது மாத்திரைக்கு மட்டும் இல்லை, அந்தக் கிணறுகளுக்கும் பொருந்தும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதனால் உண்மையான கேள்வி, பிரிப்பது எப்படி என்பது இல்லை. முதலிலேயே ஒரு கையை மட்டும் செய்வது எப்படி? பதில்: தரகருக்கே ஒரு கை இருக்க வேண்டும். வினையூக்கி ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு, "இந்தப் பக்கமா மட்டும் வா" என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட உலோக வினையூக்கிகளைச் செய்ததற்காக நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் மூவருக்கும் 2001-ல் நோபல் கிடைத்தது. ஷார்ப்லெஸ் தன் ஆஸ்மியம் வினையூக்கிக்குக் கை கொடுக்க எடுத்துக்கொண்டது சின்கோனா மரப் பட்டையில் கிடைக்கும் பொருட்களை. மலேரியாவுக்குக் குவினைன் எடுக்க 1860-களிலிருந்து நம்ம நீலகிரியில், நடுவட்டம் பக்கம் நட்டு வளர்த்த அதே சின்கோனாதான்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை அதைவிடச் சின்னது. புரோலின். ஒரு அமினோ அமிலம். நம் தோல், எலும்பு, குருத்தெலும்பில் உள்ள கொலாஜனில் நிறைய இருக்கிறது. ஐந்து மூலை வளையம், ஒரு மூலை நைட்ரஜன், ஒரே கை. உலோகம் எதுவும் கிடையாது. 1970-களின் தொடக்கத்திலேயே இரண்டு மருந்து நிறுவனங்களில் இருந்த வேதியியலாளர்கள், கொஞ்சம் புரோலின் போட்டால் ஒரு வளைய மூலக்கூறு பெரும்பாலும் ஒரே கையாக வருகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஏனோ அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் முப்பது வருஷம் கழித்து, 2000-ல், பெஞ்சமின் லிஸ்ட் என்ற இளைஞர் பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல் அசிட்டோனையும் ஒரு ஆல்டிஹைடையும் புரோலினோடு கலந்து பார்த்தார். வேலை செய்தது. அதே வருஷம் டேவிட் மேக்மில்லன், இரண்டு நைட்ரஜன் உள்ள இன்னொரு ஐந்து மூலை வளையத்தை வைத்து வேறொரு வினையைச் செய்து காட்டினார். இருவருக்கும் 2021-ல் நோபல்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், கருவியும் நைட்ரஜன் வளையம், செய்யப்படும் சரக்கும் பல நேரம் நைட்ரஜன் வளையம். உளி செய்ய உளியே வேண்டும் என்கிற மாதிரி.

சரக்குக்கு ஒரு உதாரணம்: எட்டி. பழமொழியில் வரும் அதே எட்டி மரம்தான். அதன் கொட்டையில் உள்ள விஷம் ஸ்ட்ரிக்னைன். ஏழு வளையம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இரண்டு நைட்ரஜன், கை பார்க்க வேண்டிய கார்பன் மட்டும் ஆறு. 1954-ல் உட்வர்ட் அதை ஆய்வகத்தில் முதல் முறையாகச் செய்து முடித்தபோது இருபத்தெட்டு, முப்பது படிகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் வீணாகி, கடைசியில் மிஞ்சியது கண்ணுக்குத் தெரியாத அளவு. 2011-ல் மேக்மில்லன் குழு தங்கள் வளைய வினையூக்கியை வைத்து 12 படியில் முடித்தது. பல ஆயிரம் மடங்கு மிச்சம்.

இதை ஆயாவிடம் சொன்னபோது, "எட்டிக்கொட்டையச் செய்ய ஒரு படிப்பா?" என்று கேட்டார். விஷத்துக்காக இல்லை, அவ்வளவு சிக்கலானதைச் செய்ய முடிந்தால் எதையும் செய்ய முடியும் என்று காட்டத்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "எட்டியும் மரத்துலதான காய்க்குது. அதுல எவன் கெமிக்கல் கலந்தான்?" 2024-க்குப் பிறகு எங்க வீட்டில் அந்த வார்த்தை கொஞ்சம் இளகியது அன்றைக்குத்தான்.

*

இப்போது எங்கள் ப்ராஜெக்ட். பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை, லிஸ்ட் 2000-ல் செய்த அதே வினைதான். அசிட்டோன், நைட்ரோபென்சால்டிஹைடு, டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான், புரோலின். அவருக்கு 68 சதவீதம் பொருள் கிடைத்தது. கிடைத்ததில் 100-க்கு 88 ஒரு கை, 12 மறு கை. நாங்கள் புரோலினின் அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கக் கிளம்பினோம்.

நவம்பரில் ரிவ்யூ. எங்களிடம் மூன்று நாள்தான் இருந்தது. அறை வெப்பத்தில் கலக்கிக்கொண்டே காத்திருக்க வேண்டிய வினை. "சூடு பண்ணா சீக்கிரம் முடியும்டி" என்றாள் மேட். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. 60 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் பார்த்தால் அழகான மஞ்சள் படிகம், நிறைய. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம்.

கைடு அதைக் கரைத்து போலாரிமீட்டரில் வைக்கச் சொன்னார். அது ஒரு நீளமான குழாய். ஒரு முனையில் மஞ்சள் சோடியம் விளக்கு, மறு முனையில் நம் கண். நடுவில் கரைசல். ஒரு கை அதிகமாக இருந்தால் ஒளியின் தளம் திரும்பும், எவ்வளவு டிகிரி என்று பார்க்கலாம். கண்ணை வைத்தால் ஒரு வட்டம் தெரியும், பாதி இருட்டு, பாதி வெளிச்சம். இரண்டு பாதியும் ஒரே அளவு மங்கலாகும் வரை திருகி, அளவைப் படிக்க வேண்டும். எனக்கு அந்த வட்டத்தைப் பார்த்ததும் எங்க ஊர் சாமி ஞாபகம் வந்தது, பயத்தில் வேண்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பூஜ்யம். மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். பூஜ்யம்தான்.

கைடு திட்டவில்லை. "என்ன டெம்பரேச்சர்?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம். பலகையில் படம் வரைந்தார். சூடு பட்டதும் எங்கள் பொருளிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று ஓடிவிட்டது. கை இருந்த அதே கார்பனில் இரட்டைப் பிணைப்பு வந்து, மூலக்கூறு மறுபடி தட்டையாகிவிட்டது. தட்டுக்கு ஏது இடது, வலது? புரோலின் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. நாங்கள்தான் அவசரப்பட்டு அது செய்ததை அழித்துவிட்டோம். ரிவ்யூவில் அதை அப்படியே சொன்னோம், மார்க் குறைந்தது.

ஜனவரியில் மறுபடி செய்தோம். சூடு கிடையாது. காத்திருந்தோம். இந்தத் தடவை படிகம் அவ்வளவு அழகாக இல்லை, அளவும் கம்மி. தண்ணீரில் இரண்டு தடவை கழுவினோம், ஏனென்றால் புரோலினே ஒளியைத் திருப்பும், அது மிச்சம் இருந்தால் அளவு பொய் சொல்லும். போலாரிமீட்டரில் ஒன்றரை டிகிரி வந்தது. ஒன்றரை டிகிரி எவ்வளவு என்று தெரியுமா? கடிகார முள் கால் நிமிஷத்தில் நகரும் தூரம்கூட... சரி, விடுங்கள், ரொம்பக் கம்மி. ஆனால் பூஜ்யம் இல்லை. லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினோம்.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். போலாரிமீட்டர் என்றதும் அப்பா, "நம்ம கரும்பு மில்லுல சாறு வெச்சுப் பாக்குறாங்களே, அந்தக் குழாயா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், அதேதான். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று எங்க மாவட்டத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. எந்த ஆலையானாலும் சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று ஒளியைத் திருப்பிப் பார்த்துத்தான் அளப்பார்கள். சர்க்கரை ஒளியை வலப்பக்கம் திருப்பும். ஆலையின் சர்க்கரைக் கட்டுமானம் எவ்வளவு என்ற கணக்கு அங்கேயிருந்து தொடங்குகிறது. மத்திய அரசு அறிவிக்கும் கரும்பு விலையே 10.25 சதவீதக் கட்டுமானத்தை அடிப்படையாக வைத்துத்தான். வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, லோடு அனுப்பி, கட்டுமானம் எவ்வளவு என்று அப்பா விசாரித்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், எங்க வீட்டு வருமானம் ஒரு கைரல் மூலக்கூறு ஒளியை எத்தனை டிகிரி திருப்புகிறது என்பதில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் ஃபீஸும் அதில்தான் வந்தது.

*

பிப்ரவரியில் கேட் எழுதிவிட்டு ஊருக்குப் போனேன். கையில் ஒரு ஐ.டி. ஆஃபர் இருக்கிறது, நல்ல சம்பளம். கேட் மார்க் வந்தால் எம்.டெக்., வினையூக்கி சம்பந்தமாக. ஆயாவுக்கு ஆஃபர் விஷயம் தெரியும். தெருவுக்கே தெரியும்.

அப்பாவுக்கு நாலு வருஷமாகச் சுகர். கரும்பு போடுகிறவருக்குச் சுகர் என்று நாங்களே கிண்டல் பண்ணிக்கொள்வோம். அவர் சாப்பிடும் மாத்திரை சிட்டாக்ளிப்டின். அதன் கதையை அன்று சாயங்காலம் திண்ணையில் சொன்னேன். அதிலும் நைட்ரஜன் வளையம் உண்டு, கை இருக்கும் இடத்திலும் ஒரு நைட்ரஜன் தொங்குகிறது. மெர்க் நிறுவனம் முதலில் அதை ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோக வினையூக்கியை வைத்து, அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்றிச் செய்தது. பிறகு கோடெக்சிஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு நொதியை எடுத்துக்கொண்டார்கள். அந்த நொதி முதலில் இந்த மூலக்கூறைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடம் பத்தாது. அதன் புரதத்தில் ஒவ்வொரு இடமாக மாற்றி, தேர்ந்தெடுத்து, மறுபடி மாற்றி, கடைசியில் 27 மாற்றங்கள். 2010-ல் அதை வெளியிட்டார்கள். ரோடியம் தேவையில்லை, அழுத்தம் தேவையில்லை, முன்பைவிடக் கழிவு 19 சதவீதம் குறைவு, தப்பான கை ஏறக்குறைய வரவே வராது.

2022 ஜூலையில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது. செப்டம்பரில் மக்கள் மருந்தகத்தில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து 60 ரூபாய்க்கு வந்தது. வினையூக்கியால் மட்டும் விலை இறங்கியது என்று சொல்ல மாட்டேன், காப்புரிமை முடிந்ததுதான் பெரிய காரணம். ஆனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆன பிறகு, குறைந்த கழிவில், குறைந்த செலவில் சரியான கையைச் செய்யத் தெரிந்தவர் வேண்டும். அது ஒரு வேலை. அந்த வேலைக்குப் பெயர் இருக்கிறது, ஆள் தேவை இருக்கிறது. எனக்கு அந்த வேலையைப் பார்க்க ஆசை இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன். தமிழில் சொன்னேன். இங்கிலீஷில் எத்தனையோ தடவை ரெஸ்யூமேயில் எழுதியிருக்கிறேன், ஆனால் அப்போதெல்லாம் அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. "ரெண்டு வருசம் ஆகும்ல?" என்று மட்டும் கேட்டார். ஆகும் என்றேன். ஸ்டைபெண்டு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

இந்தக் கட்டுரை எழுதும்போதும் அந்த ஐ.டி. கம்பெனி மெயிலுக்கு நான் பதில் போடவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவசரப்பட்டுச் சூடு பண்ணினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

ஆயா அன்று ராத்திரி அப்பாவின் மாத்திரை அட்டையையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னுது எடது. உங்கப்பனுது எந்தக் கை?"

எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. "தெரியல ஆயா, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"இப்பதான் ஒழுங்கா பேசுற" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ச் சொம்பை எடுத்து அந்த அஞ்சு மில்லிகிராமைப் போட்டுக்கொண்டார்.